தாழ்ந்து திரும்பும் இடது கை

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணத்தில் நடக்கிற, நாற்பது நிமிட மேடை நாடகம். இரண்டு பொக்சிங் பெடியங்கள். முதலில் பகை, பிறகு சிநேகிதம். பகை எழுதியாகிவிட்டது, நட்பு எந்தக் காட்சியில் எதனால் வரவேண்டும் என்பது பிடிபடவில்லை. ஒருவன் விபத்தில் சிக்க மற்றவன் இரத்தம் கொடுப்பதாக ஒரு காட்சி யோசித்திருக்கிறீர்கள். பொக்சிங் தெரிந்தவர்கள் வந்து பார்த்தாலும் சண்டைக் காட்சியில் பிழை இருக்கக்கூடாது என்கிறீர்கள்.

இரத்தம் கொடுக்கிற காட்சியை எடுத்துவிடுங்கள். அதைக் கிரிக்கெட் நாடகத்திலும் வைக்கலாம், காணிச் சண்டை நாடகத்திலும் வைக்கலாம். பொக்சிங்குக்கு உள்ளேயே அதைவிடப் பெரிய கொடை ஒன்று இருக்கிறது. ‘உன்னிடம் இருக்கிற இந்தப் பிழையைப் பிடித்துத்தான் உன்னை வென்றேன்’ என்று தோற்றவனிடமே சொல்வது. அடுத்த முறையும் அவனோடுதான் மோதவேண்டும் என்று தெரிந்துகொண்டே சொல்வது. நாடகம் முழுவதையும் இந்த ஒரு இடத்தைச் சுற்றிக் கட்டலாம்.

ஒரேயொரு பிழையால் ஒருவன் தோற்பதும், பிறகு அந்த இருவரும் சிநேகிதர்களாவதும் உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1936 ஜூன் 19 அன்று நியூயோர்க்கில் ஜெர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங், அதுவரை தோற்காத ஜோ லூயிஸை 12ஆம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸின் பழைய சண்டைகளின் படச்சுருள்களைப் பார்த்து ஷ்மெலிங் கண்டுபிடித்தது ஒரேயொரு விஷயம்: லூயிஸ் இடது கையால் ஜாப் என்கிற நேர்க்குத்தை அடித்துவிட்டு அந்தக் கையைக் கன்னத்துக்குக் கொண்டுவராமல் தாழ்வாக இழுத்தார். அந்த இடைவெளிக்குள்ளால் ஷ்மெலிங்கின் வலது கை போனது. 1938 ஜூன் 22 அன்று மறுபடி மோதினார்கள். லூயிஸ் 2 நிமிடம் 4 செக்கனில் முடித்துவிட்டார். ஒரு பக்கம் ஹிட்லரின் நாடு, மறுபக்கம் அமெரிக்கா என்று உலகமே பிரிந்து நின்று பார்த்த சண்டை. போருக்குப் பிறகு இருவரும் சிநேகிதர்களானார்கள். 1981 இல் லூயிஸ் இறந்தபோது அடக்கச் செலவில் ஒரு பகுதியை ஷ்மெலிங் ஏற்றார்.

இனி உங்கள் பெடியங்கள். நீங்கள் வைத்த பெயர்கள் இருக்கட்டும். ரிங்கில் ஒருவனுக்குச் சிவப்பு மூலை, மற்றவனுக்கு நீல மூலை. இங்கே அந்த நிறத்தை வைத்து சிவப்பன், நீலன் என்கிறேன். இருவரும் 57 கிலோ. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இருந்த பிரிவுகள் 51, 57, 63.5, 71, 80, 92, 92 இற்கு மேல். எடைப் பிரிவுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும், ஆகவே ஒரு எண்ணைப் பிடித்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். 57 ஐச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1938 இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டில் இலங்கையின் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கம் வென்றது ஃபெதர்வெயிட்டில். ஏறத்தாழ இதே எடை. பயிற்சி மண்டபச் சுவரில் அவருடைய பழைய படம் ஒன்று தொங்கலாம். யாரும் அதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.

வயதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடப் பெடியங்கள் என்றால் தலைக்கவசம் போடவேண்டும், மேடையில் முகம் பாதி மறைந்துவிடும். 19 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 2013 இலிருந்து தலைக்கவசம் இல்லாமல்தான் சர்வதேசப் போட்டிகளில் இறங்குகிறார்கள். எனவே 20, 21 வயது வசதி.

முதல் மோதலின் முடிவு பகைக்குப் போதுமானதாக இருக்கவேண்டும். ‘நடுவர் காசு வாங்கிவிட்டார்’ என்று எழுதினால் பகை மூன்றாம் ஆளின்மேல் போய்விடும். அதைவிட, புள்ளி போடுகிற முறையே உங்களுக்கு நல்ல பகையைத் தரும். மூன்று சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிடம். ரிங்கைச் சுற்றி ஐந்து தீர்ப்பாளர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் வென்றவனுக்கு 10, மற்றவனுக்கு 9 போடுவார்கள். தெளிவாக ஒருபக்கமாகப் போனால் 8, முற்றாக அடங்கிப்போனால் 7.

இப்படி அமையுங்கள். முதல் சுற்றை ஐந்து பேரும் சிவப்பனுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாம் சுற்றை ஐந்து பேரும் நீலனுக்கு. இரண்டாம் சுற்றில் மூவர் சிவப்பன், இருவர் நீலன். கணக்கைப் பாருங்கள்: மூன்று தீர்ப்பாளரிடம் சிவப்பன் 29க்கு 28, இரண்டு பேரிடம் நீலன் 29க்கு 28. சிவப்பன் 3க்கு 2 என்று வென்றான். முழுப் பகையும் இரண்டாம் சுற்றின் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சுற்றில் நீலன் உண்மையிலேயே கூடுதலான குத்துகளை வீசினான். ஆனால் பல குத்துகள் சிவப்பனின் குளோவிலும் புயத்திலும் பட்டன. குளோவின் முட்டிப் பக்கத்தால், முகத்திலோ தலையின் பக்கத்திலோ இடுப்புக்கு மேலே உடம்பின் முன்புறத்திலோ சுத்தமாக விழுந்ததுதான் கணக்கு. சிவப்பன் குறைவாக அடித்தான். நீலன் ஜாப்பைத் தாழ்வாக இழுத்தபோதெல்லாம் வலது கையைப் போட்டான், மூன்று தரம் சுத்தமாக விழுந்தது. நீலனின் முதுகுப் பக்கம் இருந்த இரண்டு தீர்ப்பாளருக்கு அது தெரியவில்லை. ஆகவே ‘நான்தான் கூட அடிச்சனான்’ என்று நீலன் சொல்வதும் பொய்யில்லை, தீர்ப்பும் பிழையில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால்தான் பகை நாற்பது நிமிடம் தாங்கும்.

அந்த மூன்று குத்துக்கு முன்பே, முதல் காட்சியிலேயே, பார்ப்பவருக்குப் பிழையைக் காட்டிவிடவேண்டும், ஆனால் அது பிழை என்று தெரியக்கூடாது. நீலன் தனியே நிழற்சண்டை பழகுகிறான். இடது கை நேராகப் போகிறது, திரும்பும்போது நெஞ்சு மட்டத்துக்கு வந்து பிறகு மேலே ஏறுகிறது. போன பாதையிலேயே கன்னத்துக்குத் திரும்பவேண்டிய கை. ஒரே மாதிரி மூன்று தரம் செய்யட்டும். பின்னால் உண்மை வெளிவரும்போது, முன்வரிசையில் இருக்கிற ஒருவராவது ‘ஓம், அப்பவே கண்டனாங்கள்’ என்று நினைக்கவேண்டும்.

இனி இருவரையும் ஒரே ரிங்குக்குள் மறுபடி கொண்டுவருவது. இங்கேதான் யாழ்ப்பாணம் உங்களுக்கு உதவி செய்கிறது. பொக்சிங் பெரிதாகப் பரவாத ஊர்களில் 57 கிலோவில் கை தெரிந்தவன் ஒருவனோ இரண்டு பேரோதான் இருப்பான். 50 கிலோக்காரனோடு ஸ்பாறிங் (பயிற்சி மோதல்) செய்தால் அடியை அடக்கியே பழகவேண்டும், கை மந்தமாகிவிடும். 71 கிலோக்காரனோடு செய்தால் விலா தாங்காது. பையை எவ்வளவு குத்தினாலும் பை திருப்பி அடிக்காது. ஆகவே நீலனை முன்னேற்றக்கூடிய ஒரே ஆள் சிவப்பன், சிவப்பனுக்கு நீலன். இரண்டு கழகத்தின் மாஸ்டர்களும் சனிக்கிழமைகளில் சேர்ந்து பயிற்சி வைக்கிறார்கள் என்று எழுதினால் போதும், வேறு சாட்டு வேண்டாம். பிரிவுக்கு ஒருவன்தான் மாகாண அணிக்குப் போவான் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். சில கதைகளில் நட்பு வந்ததும் ஒருவன் எடை கூட்டி அடுத்த பிரிவுக்குப் போய்விடுவான். அப்படிச் செய்தால் சொல்லிக்கொடுப்பதற்கு விலையே இல்லாமல் போய்விடும். இருவரும் 57 இலேயே நிற்கட்டும்.

ஸ்பாறிங் என்பது சண்டை அல்ல என்பதை நடிகர்களுக்கு முதலில் விளங்கப்படுத்துங்கள். போட்டியில் இந்த எடைக்கு 10 அவுன்ஸ் குளோவ், ஏறத்தாழ 284 கிராம். ஸ்பாறிங்கில் 14 அல்லது 16 அவுன்ஸ், தலைக்கவசம், பல்லுக்கு கார்ட், இடுப்புக்குக் கவசம், புருவத்தில் வாசலின். மாஸ்டர் முன்கூட்டியே சொல்வார்: ‘தலைக்குப் பாதி, உடம்புக்கு முக்கால்.’ முதல் சுற்றில் ஜாப் மட்டும், இரண்டாவதில் ஒருவன் அடிக்க மற்றவன் தடுக்க என்று பாடம் பிரித்தும் கொடுப்பார். பிழை நடப்பது எப்போதும் ஒரே வழியில்தான். ஒருவனுடைய அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிடும். மற்றவன் அதைவிடக் கொஞ்சம் பலமாகத் திருப்பிக் கொடுப்பான். நாலாவது பரிமாற்றத்தில் பாதி என்பது முழுதாகிவிடும். முதல் சனிக்கிழமை இதுதான் நடக்கவேண்டும். மாஸ்டர் ‘ஸ்டொப்’ என்கிறார், இருவரும் கேட்கவில்லை. ஏறி நடுவில் நின்று பிரிக்கிறார். தண்டனையாக இரண்டு பேரையும் விடியப்புறம் பண்ணைத் தெருவில் சேர்ந்து ஓடச் சொல்லலாம். பரவைக்கடல் காற்று முகத்தில் அடிக்க, ஒருவன் முன்னே ஒருவன் பின்னே, ஒரு கதையும் இல்லை. மேடையில் இதை இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஓடுகிற அசைவால் காட்டலாம், அரை நிமிடம் போதும். ஆனால் முடிவில் இருவருடைய காலடியும் மூச்சும் ஒன்றாகிவிடவேண்டும்.

அதற்குப் பிறகு பாண்டேஜ் காட்சி. நீலனின் வலது கைவிரல் வீங்கியிருக்கிறது, தானே சுற்ற முடியவில்லை. சிவப்பன் சுற்றிவிடுகிறான். இந்தக் காட்சியை அவசரப்படுத்தாதீர்கள், இரண்டு நிமிடம் கொடுங்கள். துணி நாலரை மீற்றர். துணி நுனியில் இருக்கிற வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, புறங்கையால் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரல்களுக்கு இடையால் ஒவ்வொன்றாக, பெருவிரலைச் சுற்றி ஒருமுறை, மறுபடி முட்டிக்கு மேல், மிச்சத்தை மணிக்கட்டில் முடிப்பது. சுற்றும்போது விரல்கள் விரிந்திருக்கவேண்டும். கையைப் பொத்தி வைத்துச் சுற்றினால் பிறகு விரிக்க முடியாது, விரல் நுனி மரத்துப்போகும். துணியில் மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே தோலைக் கிழிக்கும். மணிக்கட்டுத் தளர்ந்தால் பையில் முதல் பலமான அடியிலேயே கை மடங்கும். ஆகவே சிவப்பன் ஒவ்வொரு பத்து செக்கனுக்கும் கேட்பான்: ‘இறுக்கமோ?’ மற்றவன் முதல் இரண்டு முறை தலையை ஆட்டுவான், மூன்றாம் முறைதான் வாய் திறப்பான். பகையாளிகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் இருக்கிறார்கள். அதற்கு வசனம் எழுதினால் கெடும்.

உண்மை வெளிவருகிற காட்சியும் பெரிய மேடைப்பேச்சாக இருக்கக்கூடாது. பயிற்சி முடிந்து தேத்தண்ணிக் கடை வாங்கில் இருக்கிறார்கள். நீலனின் போனில் அந்த முதல் மோதலின் வீடியோ. அவன் அதை நூறு முறை பார்த்து, தான் வீசிய குத்துகளை எண்ணி வைத்திருக்கிறான். சிவப்பன் போனை வாங்கி இரண்டாம் சுற்றுக்குப் போய், ஒரு இடத்தில் நிறுத்துகிறான்.

‘டேய், ஜாப் அடிச்சிட்டுக் கையை நெஞ்சுக்கு இழுக்கிறாய். அதுக்குள்ளாலைதான் நான் வந்தனான்.’

‘எப்ப கண்டனீ?’

‘முதல் றவுண்டிலையே.’

‘பிறகேன் இப்ப சொல்லுறாய்?’

இந்தக் கேள்விக்குச் சிவப்பன் பதில் சொல்லவேண்டாம். தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு எழும்பட்டும். அடுத்த காட்சி விளக்கு வரும்போது சிவப்பன் கையில் குத்து வாங்குகிற பயிற்சிப் பட்டை, நீலன் ஜாப் அடிக்கிறான். கை தாழும் ஒவ்வொரு முறையும் பட்டையால் கன்னத்தில் ஒரு தட்டு. திருத்துகிற முறையும் இதுதான்: ஜாப் திரும்பும்போது குளோவ் கன்னத்தெலும்பைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அசைவு. கண்ணாடி முன் மெதுவாகப் பழகி, வேகத்தைப் பிறகு கூட்டுவது. களைத்தால் பழைய பழக்கம் திரும்பி வரும். ஆகவே மூன்றாம் சுற்றுக் களைப்பில்தான் சோதிக்கவேண்டும். இதெல்லாம் வார்த்தையில்லாமல், தட்டின் ஓசையாலேயே மேடையில் நடக்கலாம். தட்டுகளுக்கு இடையிலான நேரம் நீண்டுகொண்டே போகட்டும்.

கடைசி மோதலில் சிவப்பன் அதே வலது கையைப் போடுகிறான். ஏனென்றால் அவனுக்கு மிகவும் நம்பிக்கையான குத்து அதுதான், சொல்லிக்கொடுத்தவன் என்பதற்காக அதை மறக்கமுடியாது. இம்முறை அது நீலனின் இடது குளோவில் விழுகிறது. அந்த ஓசைதான் நாடகத்தின் உச்சம். யார் வென்றார்கள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் ஒருவன் மற்றவனுக்கு விட்டுக்கொடுப்பதாக மட்டும் எழுதாதீர்கள். பொக்சருக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. அவனுடைய இத்தனை மாத விடியற்காலைகளுக்கும் காறித் துப்பியது போலாகும். தொழில்முறை பொக்சர்களான ஆர்துரோ கட்டியும் மிக்கி வோர்டும் 2002 இல் இரண்டு தடவை, 2003 இல் ஒரு தடவை மோதினார்கள். முதலாவதில் வோர்ட், மற்ற இரண்டிலும் கட்டி. ஒரு சுற்றுக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. 2007 இல் கட்டியின் கடைசிச் சண்டையில் அவருடைய மூலையில் பயிற்சியாளராக நின்றது வோர்ட்தான்.

எதிர்த்திசையும் நடக்கும், நட்பு பகையாகும். ஜோ ஃப்ரேசியர், முகமது அலி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அலிக்காக வாதாடியவர். பிறகு அலி அவரைக் குரங்கென்று பகிரங்கமாக ஏளனம் செய்தார். 1971, 1974, 1975 என்று மூன்று சண்டைகள், காயம் பல வருடங்களுக்கு ஆறவில்லை. உங்கள் முதல் பாதியில் நீலனோ சிவப்பனோ மற்றவனுடைய தகப்பனைப் பற்றி, சாதியைப் பற்றி, தொழிலைப் பற்றி ஏதாவது வாய்விடுவதாக எழுதியிருந்தால் மறுபடி யோசியுங்கள். குத்து ஆறும். அந்த வார்த்தை ஆற நாற்பது நிமிட நாடகம் போதாது.

நடைமுறையில் பலர் பிழைவிடும் இடங்கள் சிலதைச் சொல்லிவிடுகிறேன். விழுந்தவனுக்கு நடுவர் எண்ணும்போது மற்றவன் பக்கத்தில் நின்று கத்தக்கூடாது. இருவருக்கும் சொந்தமில்லாத வெள்ளை மூலைக்குப் போகவேண்டும், போகும்வரை நடுவர் எண்ணமாட்டார். விழுந்தவன் மூன்றிலேயே எழும்பினாலும் எட்டு வரை எண்ணித்தான் ‘பொக்ஸ்’ என்பார். ‘பிரேக்’ என்றால் இருவரும் ஒரு அடி பின்வாங்கிய பிறகே மறுபடி அடிக்கலாம். தலையில் அடிவாங்கி நொக்கவுட் ஆனவனுக்குக் குறைந்தது 30 நாள் ரிங் கிடையாது, ஸ்பாறிங்கும் கூடாது. ‘மறுநாள் பயிற்சிக்கு வந்தான்’ என்று எழுதினால் மாஸ்டரைக் கொலைகாரனாக்கிவிடுவீர்கள். சுற்றுக்கு இடையிலான ஒரு நிமிடத்தில் மாஸ்டர் வாழ்க்கைத் தத்துவம் பேசுவதில்லை. இருக்க ஒரு ஸ்டூல், தண்ணீர், துவாய், மூச்சு சீராக இருபது செக்கன், பிறகு ஒரே ஒரு வசனம்: ‘வலப்பக்கம் சுத்து, கை மேலை.’

காலை எடை பார்க்கும் காட்சி வைத்தால் நன்றாக இருக்கும். நீலன் 57.4 காட்டுகிறான், 400 கிராம் இறக்கவேண்டும். உடம்பில் பிளாஸ்ரிக் உறையோடு கயிறு பாய்கிறான், வாய் காய்ந்திருக்கிறது. அதைப் பெருமையாகக் காட்டவேண்டாம். நீர் வற்றிய உடம்பு முதல் சுற்றிலேயே மந்தமாகும், மூளைக்கும் ஆபத்து. எடை முடிந்த பிறகு முதல் மோதலுக்குக் குறைந்தது மூன்று மணித்தியாலம் இருக்கும். இரண்டு மெலிந்த பெடியங்கள் ஒரே படிக்கட்டில் இருந்து பாணும் வாழைப்பழமும் தின்கிறார்கள், இடையில் ஆறடி தூரம்.

மேடை விஷயம். உண்மையான ரிங் கயிற்றுக்குள் 6.1 மீற்றர் சதுரம். பள்ளிக்கூட மண்டபங்களில் அது கொள்ளாது. 4 மீற்றர் போதும், பார்வையாளர் பக்கக் கயிற்றை விட்டுவிடுங்கள். கயிறுகள் நான்கு: 40, 70, 100, 130 சென்ரிமீற்றர் உயரத்தில். தரைக்கு மெத்தை போடாதீர்கள், கணுக்கால் பிரளும். ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பான இறுகிய ஃபோம், அதன்மேல் படங்கு, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியது. சுருக்கம் விழுந்த படங்கில் கால் தடக்கும். குத்துப்பை தேவையென்றால் உரப்பைக்குள் பழந்துணி அடைத்து, நடுவில் மட்டும் சிறு மண் பொட்டலம். முழுக்க மண் என்றால் அடிப்பகுதி கல்லாக இறுகி நடிகனின் முட்டியை உடைக்கும்.

குத்துகளை அமைக்கும்போது நீலனைப் பார்வையாளரின் இடப்பக்கத்தில் நிறுத்துங்கள், சிவப்பன் வலப்பக்கம். இருவரும் இடது கால் முன்வைத்து நிற்பவர்கள். அப்படி நின்றால் நீலனின் நெஞ்சு மண்டபத்தை நோக்கித் திறந்திருக்கும், இடது கை தாழ்வது எல்லாருக்கும் தெரியும். சிவப்பனின் வலது கை போய்ச்சேரும் இடது கன்னம் பார்வையாளருக்கு மறைவான பக்கம். ஆகவே குளோவ் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனாலும் யாருக்கும் தெரியாது. நடிகர்கள் தலைக்கு ஒருபோதும் உண்மையாக அடிக்கக்கூடாது, குளோவ் பஞ்சுதானே என்று நினைக்கவும் கூடாது. குளோவில் குளோவ் விழுவதை மட்டும் உண்மையாகவே அடிக்கலாம். அதனால்தான் கடைசிக் குத்து தடுக்கப்படும் ஓசை, மேடையில் அதுவரை கேட்ட எல்லா ஓசையையும்விடச் சுத்தமாகக் கேட்கும்.

முதல் இரண்டு கிழமையும் கால்வாசி வேகத்தில், எட்டு எட்டாக எண்ணிப் பழகுங்கள். புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள், ஒரு நிமிடத்திலேயே முகம் வெளுத்துவிடும். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கால் ‘ஸ்’ என்று மூச்சை விடச் சொல்லுங்கள். எல்லாச் சுற்றையும் சுருக்கினாலும் முதல் மோதலின் இரண்டாம் சுற்றை மட்டும் முழு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் மண்டபத்துக்குத் தெரியும், பின்னால் போனில் நிறுத்தப்படுகிற அந்த ஒரு கணமும் அவர்கள் கண்முன் வரும்.

பேச்சில் வடசென்னைச் சொற்களை விட்டுவிடுங்கள். எங்கள் பெடியங்கள் ‘மச்சான்’ என்பார்கள், ‘டேய்’ என்பார்கள், மாஸ்டரோடு ‘ஓம் சேர்’, ‘விளங்குது சேர்’ என்பார்கள். முதல் பாதியில் நீலன் சிவப்பனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் ‘உவன்’ என்று மட்டும் சொல்லட்டும். ‘மச்சான்’ ஒரே ஒரு தடவை, தீர்ப்புக்குப் பிறகு. தீர்ப்பு வந்ததும் இருவரும் எதிர் மூலைக்குப் போய் மற்றவனின் மாஸ்டருக்குக் கைகொடுப்பது வழக்கம். முதல் மோதலில் நீலன் அதைச் செய்யாமல் இறங்கிப் போகிறான். கடைசியில் போகிறான். கயிறு கட்டிய குளோவைத் தானே கழற்ற முடியாது, பல்லால் இழுக்கிறான், வரவில்லை. ‘மச்சான், இதை ஒருக்கா அவிழன்.’